எரிசக்திக் கணக்கேட்டில் இல்லாத ஒரு வரி

நாடுகளின் ஆண்டு எரிசக்திக் கணக்கைத் தொகுத்து வெளியிடும் புள்ளியியல் அலுவலர்களுக்கும், அந்தக் கணக்கைக் கொண்டு திட்டம் தீட்டும் எரிசக்தித் துறை அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். ஆண்டுதோறும் நீங்கள் வெளியிடும் எரிசக்திக் கணக்கை முதல் பக்கம் தொடங்கிக் கடைசி அட்டவணையின் அடிக்குறிப்பு வரை விடாமல் படிக்கும் சிலருள் நானும் ஒருவன். அனல்மின் நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், உங்கள் அட்டவணையில் ஒற்றை எண்ணாக நிற்கும் ஒன்றின் பின்னே எத்தனை பேர் இரவு பகலாக எழுதிய பதிவுகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அந்த உழைப்பின் மேல் கொண்ட மதிப்போடுதான் இந்த மடலை எழுதுகிறேன். உங்கள் கணக்கில் நான் பிழை காணவில்லை. எரித்த எரிசக்தியில் எவ்வளவு நமக்கு உண்மையில் பயன்பட்டது என்ற ஒரு வரி அதில் எழுதப்படாமல் இருக்கிறது என்பதும், அந்த வரி இல்லாத காரணத்தால் தூய மின்சாரத்துக்கு மாறுவது பற்றிய பேச்சு நாட்டுக்கு நாடு திசை தவறிப் போகிறது என்பதும்தான் நான் சொல்ல வந்தவை.

ஒரு நாடு ஓராண்டில் எவ்வளவு எரிசக்தியைப் பயன்படுத்தியது என்று கேட்டால், நீங்கள் முதலில் தரும் எண் முதன்மை எரிசக்தி என்னும் மொத்தம். வெட்டியெடுத்த நிலக்கரி, இறைத்த எண்ணெய், எரிவாயு, அணுவுலையின் வெப்பம், அணைநீர், காற்று, வெயில், விறகு என எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்கு மாற்றிக் கூட்டிய தொகை அது. உலகம் முழுவதுக்கும் இந்தத் தொகை 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 620 எக்ஸாஜூல் (ஒரு எக்ஸாஜூல் என்பது ஒன்றுக்குப் பின் பதினெட்டுச் சுழியங்கள் இட்ட ஜூல்) என்று கணக்கிடப்பட்டது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும். இந்த எண்ணைப் படிக்கும் ஒருவர், காற்றும் வெயிலும் இன்னும் சில விழுக்காட்டில் நிற்கும்போது இந்த மலையை எந்தக் காலத்தில் புரட்டப் போகிறோம் என்று மனம் தளர்ந்து போகிறார். அதே கணக்கேட்டின் மின்சார அத்தியாயத்தை மட்டும் புரட்டும் இன்னொருவர், நம் மின்சாரத்தில் பாதி தூய்மையாகிவிட்டது, வேலை பாதி முடிந்தது என்று மேடையேறிச் சொல்கிறார். இருவரும் உங்கள் எண்களைத்தான் சொல்கிறார்கள். இருவர் சொல்வதும் நடப்பு நிலையைக் காட்டவில்லை.

நான் பணியாற்றிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கட்டுப்பாட்டு அறையில் மணிக்கொரு முறை பதிவேட்டில் எண்களைக் குறிப்போம்: பாய்லருக்குப் போன நிலக்கரி, நீராவியின் அழுத்தமும் வெப்பநிலையும், நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் கண்டன்சரின் வெற்றிட அளவு, குளிர்நீர் உள்ளே வரும்போது இருந்த சூடு, வெளியே போகும்போது இருந்த சூடு, கடைசிக் கட்டத்தில் ஜெனரேட்டர் கொடுத்த யூனிட். விடியற்காலையில் அந்தக் குளிர்நீர் வெளியேறும் வாய்க்காலின் ஓரத்தில் நின்றால் நீரின் மேல் மெல்லிய ஆவி படர்ந்திருக்கும். உள்ளே போனதைவிட எட்டு அல்லது பத்து டிகிரிதான் அதன் சூடு கூடியிருக்கும். கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்குமே தவிரச் சுடாது. ஆனால் நிற்காமல் ஓடும் அந்த வெதுவெதுப்பான நீரில்தான், நாங்கள் எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதி போய்க்கொண்டிருந்தது. புகைபோக்கி வழியே இன்னொரு பங்கு போனது. நூறு பங்கு வெப்பத்தை உள்ளே போட்டால் முப்பத்தைந்து பங்கு மின்சாரமாக வெளியே வந்தது; அதிலும் ஒரு சிறு பகுதியை நிலையத்தின் சொந்த மோட்டார்களும் பம்புகளும் எடுத்துக்கொண்டன.

இது எவருடைய கவனக்குறைவாலும் நேர்ந்ததன்று. வெப்பத்தை இயக்கமாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பகுதியைக் குளிர்ந்த பக்கத்தில் கொட்டித்தான் ஆகவேண்டும் என்பதை 1824ஆம் ஆண்டிலேயே சாடி கார்னோ என்ற இளம் பிரெஞ்சுப் பொறியாளர் காட்டிவிட்டார். நாங்கள் வெற்றிடத்தைச் சீராக வைத்தும் குழாய்களைத் துலக்கியும் அரை விழுக்காட்டை மீட்டால் அதையே பெரிய வெற்றியாகக் கொண்டாடியிருக்கிறோம். எரிவாயுச் சுழலியில் மீந்த சூட்டைக் கொண்டு நீராவிச் சுழலியையும் ஓட்டும் மிகச் சிறந்த கூட்டுச்சுழற்சி நிலையங்கள் அறுபது விழுக்காட்டை எட்டியிருக்கின்றன. எனினும் எரிப்பதை நம்பியிருக்கும் வரை கொட்டுவதும் கூடவே வரும்.

சாலையிலும் இதே கதைதான். பெட்ரோல் வண்டி ஒன்றை நெடுந்தூரம் ஓட்டி வந்து நிறுத்தியதும் முன்மூடியின் மேல் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். தொட்டியில் ஊற்றிய எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கு அளவே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. மற்றது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் காற்றில் கலக்கிறது. மின்சார வண்டியில், சார்ஜ் ஏற்றும்போது போவதையும் கழித்த பிறகு, எழுபது முதல் எண்பது பங்கு வரை சக்கரத்துக்கு வருகிறது. அறையைச் சூடாக்க எரிவாயுவை எரித்தால் எரித்ததற்குச் சற்றுக் குறைவான வெப்பம் கிடைக்கும். ஹீட் பம்ப் என்னும் கருவியோ வெளிக்காற்றிலோ நிலத்திலோ இருக்கும் வெப்பத்தை உள்ளே ஏற்றிக் கொண்டுவருவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பத்தைத் தருகிறது.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாடு ஓராண்டில் நூறு பங்கு முதன்மை எரிசக்தியை எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் நாற்பது பங்கு மின் உற்பத்திக்கு நிலக்கரியாகவும், முப்பது பங்கு போக்குவரத்துக்கு எண்ணெயாகவும், இருபது பங்கு கட்டடங்களைச் சூடாக்க எரிவாயுவாகவும், பத்து பங்கு உலைகளுக்கான உயர் வெப்பமாகவும் போகட்டும். நாற்பது பங்கு நிலக்கரி தந்த மின்சாரம் பதினான்கு பங்குதான். காற்றாலையும் சூரியத் தகடும் அந்தப் பதினான்கைத் தந்தால் போதும், நாற்பதைத் தர வேண்டியதில்லை. முப்பது பங்கு எண்ணெய் சக்கரத்துக்குக் கொடுத்தது ஏழு பங்கு. மின்சார வண்டிகளுக்கு அதற்கு ஒன்பது பங்கு போதும். கட்டடங்களுக்குச் சென்ற இருபதின் இடத்தை ஹீட் பம்புக்கான ஆறு பங்கு மின்சாரம் நிரப்பும். உயர் வெப்பத்துக்கான பத்தை அப்படியே பத்தாக விட்டுவைப்போம். கூட்டிப் பார்த்தால் முப்பத்தொன்பது வருகிறது. பேட்டரியில் ஏற்றி இறக்கும்போதும் கம்பி வழியிலும் வீணாவதைத் தாராளமாகச் சேர்த்தாலும் ஐம்பதைத் தொடாது. வண்டி அதே தூரம் ஓடுகிறது, அறை அதே சூட்டில் இருக்கிறது, எந்த விளக்கும் அணையவில்லை. உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் நூறு என்று நின்ற மலையில் பாதிக்கு மேல் வாய்க்காலிலும் புகைபோக்கியிலும் போன வெப்பம் என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருந்தால், அதைப் படித்தவர் மனம் தளர்ந்திருக்க மாட்டார்.

அந்த வரியைத்தான் கேட்கிறேன். எவ்வளவு எரித்தோம் என்பதற்குப் பக்கத்தில், அதில் எவ்வளவு வேலையாகவும் வெளிச்சமாகவும் பயன்பட்ட வெப்பமாகவும் நமக்குக் கிடைத்தது என்ற எண். பயன் எரிசக்தி என்று அதற்குப் பெயர் வைக்கலாம். இது நடவாத காரியம் ஒன்றும் அன்று. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகம் 1970களிலிருந்தே தன் நாட்டு எரிசக்தியின் ஓட்டத்தைப் படமாக வரைந்து வருகிறது. அந்தப் படத்தின் வலது ஓரத்தில் பயன்பட்டது ஒரு பெட்டியாகவும் வீணானது ஒரு பெட்டியாகவும் நிற்கும். வீணானதன் பெட்டி மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. பிரேசில் நாட்டின் சுரங்க, எரிசக்தி அமைச்சகம் 1984, 1994, 2004 ஆகிய ஆண்டுகளுக்குப் பயன் எரிசக்தி அட்டவணைகளைத் தயாரித்து வெளியிட்டது. பத்தாண்டுக்கு ஒரு முறை அவர்கள் செய்ததை இன்றைய கருவிகளைக் கொண்டு ஆண்டுதோறும் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதை எழுதும்போது மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. நிலக்கரி மின்சாரத்தில் ஓடும் மின்சார வண்டியை நிலக்கரியிலிருந்து சக்கரம் வரை தொடர்ந்து கணக்கிட்டால், அது பெட்ரோல் வண்டியைவிடப் பெரிதாக மிச்சப்படுத்துவதில்லை. மின்சாரம் தூய்மையாகும்போதுதான் அதன் முழுப் பலனும் வரும். திறன் கூடினால் பயன்பாடும் கூடக்கூடும் என்பதும் பழைய அனுபவம்: நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக பிரிட்டனின் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். எஃகு ஊதுலையில் கல்கரி வெப்பத்தை மட்டும் தருவதில்லை; தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. சிமென்ட் சூளையின் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருவதால், எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. எஃகு போன்ற இடங்களில் மின்சாரத்தைச் செலவிட்டு ஹைட்ரஜன் தயாரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் செய்வோம். ஆனால் வீட்டைச் சூடாக்குவதற்கு அந்த ஹைட்ரஜனை எரிக்கலாம் என்று சொல்லப்படும் யோசனைகளை, அதே வெப்பத்துக்கு ஹீட் பம்பைவிடப் பல மடங்கு மின்சாரம் செலவாகும் என்ற ஒரு காரணத்துக்காகவே விலக்கிவிடலாம். பயன் எரிசக்தி வரி உங்கள் அட்டவணையில் இருந்திருந்தால் அந்த யோசனை வந்த அன்றே அதன் செலவு வெளிப்பட்டிருக்கும்.

கணக்கு முறை பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். படிப்பவர்களுக்கு இது சலிப்பூட்டும் பகுதி என்று நீங்கள் அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறீர்கள். ஆனால் மொத்த எண்ணையே ஏற்றி இறக்கும் விசை அங்கேதான் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் முறைப்படி, அணுவுலையிலிருந்து வந்த ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் முதன்மை எரிசக்தி எழுதப்படுகிறது, ஏனெனில் உலையின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். புவிவெப்ப மின்சாரம் ஒரு யூனிட்டுக்குப் பத்து யூனிட். காற்று, வெயில், அணைநீர் ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்று. ஆக, ஒரு நாடு அணுவுலையை மூடிவிட்டு அதே அளவு மின்சாரத்தைக் காற்றாலையிலிருந்து எடுத்தால், எவரும் எதையும் மிச்சப்படுத்தாமலேயே அதன் எரிசக்திப் பயன்பாடு குறைந்துவிட்டதாக அட்டவணை சொல்லும். ஜெர்மனி தன் கடைசி மூன்று அணுவுலைகளை 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தியது; அந்த ஆண்டு அதன் முதன்மை எரிசக்தி குறைந்ததில் ஒரு பகுதி இப்படி வந்தது. தலைக்கணக்கில் உலகிலேயே மிக அதிகமாக எரிசக்தி செலவிடும் நாடுகளின் வரிசையில் ஐஸ்லாந்து முன்னே நிற்பதற்கு அங்குள்ள அலுமினிய ஆலைகள் ஒரு காரணம் என்றால், புவிவெப்பத்துக்கு எழுதப்படும் அந்தப் பத்து மடங்கு இன்னொரு காரணம்.

வேறு சில கணக்குகளில், காற்றிலிருந்து வந்த ஒரு யூனிட்டை நிலக்கரியில் எடுத்திருந்தால் எவ்வளவு எரித்திருப்போமோ அவ்வளவாகப் பெருக்கி எழுதும் வழக்கம் இருந்தது. அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2023ஆம் ஆண்டில் அந்த வழக்கத்தைக் கைவிட்டது, முன்பு பி.பி. நிறுவனம் வெளியிட்டு வந்த, இப்போது எனர்ஜி இன்ஸ்டிடியூட் வெளியிடும் உலகப் புள்ளிவிவர அறிக்கை 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் கைவிட்டது. முறை மாறிய ஆண்டில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கு தாளின் மேல் சுருங்கிவிட்டது. தரையில் ஒரு காற்றாலைகூட நின்றுவிடவில்லை. இந்த முறைகளுள் எது சரி என்ற வாதத்தில் நான் இறங்கப்போவதில்லை. முறையை மாற்றினால் மாறிவிடும் எண்ணைத் தலைப்பில் போட்டு, சக்கரத்துக்கும் அடுப்புக்கும் விளக்குக்கும் வந்து சேர்ந்ததை எங்குமே போடாமல் விடுவது முறையா என்பதே என் கேள்வி.

அடுத்து விறகைப் பற்றி. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. மூன்று கல் அடுப்பு எரிவதைக் கிட்ட நின்று பாருங்கள்: பானையின் இரு பக்கமும் தீ நாக்குகள் வெளியே நீள்கின்றன, அடியில் பட்ட சூட்டைவிடக் காற்றில் போன சூடு அதிகம், பாத்திரத்தின் முதுகு கரிபிடித்திருக்கிறது, புகை கூரையை எட்டுமுன் அடுப்பின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் கண்ணையும் மார்பையும் எட்டிவிடுகிறது. எரித்த விறகின் வெப்பத்தில் பத்து முதல் பதினைந்து பங்குதான் பானைக்குள் போகிறது. உலகில் இன்னும் இருநூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் விறகிலும் கரியிலும் சாணத்திலும் சமைக்கிறார்கள். வீட்டுக்குள் சூழும் புகையால் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த விறகு உங்கள் அட்டவணையில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்ற தலைப்பின் கீழ் வருகிறது. 2015இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நிலைபேறான வளர்ச்சி இலக்குகளில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் பங்கை அளக்கும் குறியீட்டிலும் மரபுவழி விறகு சேர்ந்தே நிற்கிறது. இதன் விளைவைப் பாருங்கள். ஒரு நாடு தன் மக்களைப் புகையிலிருந்து விடுவித்து எரிவாயு அடுப்புக்கோ மின்னடுப்புக்கோ கொண்டுவந்தால், அதன் புதுப்பிக்கத்தக்க பங்கு சரிகிறது. எதுவும் செய்யாமல் அப்படியே விட்டுவைத்திருந்தால் பட்டியலில் முன்னணியில் நிற்கிறது. பன்னாட்டு முகமைகள் தங்கள் முன்னேற்ற அறிக்கைகளில் நவீனப் புதுப்பிக்கத்தக்கவை என்று ஒரு வரியைப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருப்பது நல்ல செயல். ஆனால் நாடுகளின் சொந்த அறிக்கைகள் பலவற்றில் இன்றும் அணைநீர் மின்சாரமும் மூன்று கல் அடுப்பும் ஒரே தொகைக்குள் கிடக்கின்றன. நேபாளத்தைப் போல, மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் அணைநீரிலிருந்து வந்தும் மொத்த எரிசக்தியில் விறகே பெரும்பங்கு வகிக்கும் நாட்டில், இந்த இரண்டையும் கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு திட்டமும் தீட்ட முடியாது. பயன் எரிசக்தியைக் கணக்கிட்டால் விறகின் பங்கு ஒரேயடியாகச் சுருங்கும். சிறிதளவு மின்சாரமே அத்தனை பெரிய விறகுக் குவியலின் வேலையைச் செய்துவிடும் என்பது கண்ணுக்குத் தெரியும். இண்டக்‌ஷன் அடுப்பில் செலவாகும் மின்சாரத்தில் எண்பது பங்குக்கு மேல் பாத்திரத்தில் சேர்கிறது.

மனம் தளர்கிறவர்களுக்காக இவ்வளவு சொன்னேன். பெருமை பேசுகிறவர்களுக்கும் உங்கள் கணக்கு சில இடங்களில் துணைபோகிறது. உலகின் இறுதி எரிசக்தி நுகர்வில், அதாவது வீடு, ஆலை, வண்டி எனப் பயன்படுத்துவோரின் கைக்கு வந்து சேரும் எரிசக்தியில், மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்று அளவே. 2024இல் ஜெர்மனியின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்கவற்றிலிருந்து வந்தது. அதே ஆண்டு அதன் முதன்மை எரிசக்தியில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்றைச் சுற்றியே நின்றது. உருகுவேயில் 2010ஆம் ஆண்டில் நாடாளுமன்றக் கட்சிகள் அனைத்தும் ஒரே எரிசக்திக் கொள்கையை ஏற்றன. ஆட்சி மாறியும் அது மாறவில்லை, இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தூய்மையானது. எனினும் அதன் சாலைகளில் ஓடுவது பெரும்பாலும் எண்ணெய்தான். நார்வே அந்த அடுத்த படியையும் ஏறிக்கொண்டிருக்கிறது: 2024இல் அங்கு விற்ற புதிய கார்கள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். எத்தியோப்பியா 2024இல் பெட்ரோல், டீசல் கார்களின் இறக்குமதியையே தடைசெய்தது. சொந்த மின்சாரம் அணைநீரிலிருந்து கிடைக்க, எண்ணெயை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்க வேண்டியிருக்கும் நாட்டுக்கு அது துணிச்சலான முடிவு. சார்ஜ் ஏற்றும் வசதி போதிய அளவு வளருமா என்ற கவலையும் கூடவே இருக்கிறது. மின்சாரம் எவ்வளவு தூய்மை என்ற எண்ணுக்குப் பக்கத்தில், நாட்டின் வேலைகளில் எவ்வளவு மின்சாரத்தால் நடக்கிறது என்ற எண்ணையும் சேர்த்து வெளியிட்டால்தான் இந்த நாடுகளின் நிலைகள் எப்படி வேறுபடுகின்றன என்பது புரியும்.

நிறுவுதிறனையும் (நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மின்திறன், மெகாவாட்டில்) உற்பத்தியையும் (அவை உண்மையில் தந்த மின்சாரம், யூனிட்டில்) குழப்புவது இதைவிட எளிதாகத் திருத்தக்கூடிய குறை. இந்தியாவின் மின் நிறுவுதிறனில் பாதி 2025 ஜூனில் புதைபடிவமல்லாத வழிகளுக்கு வந்துவிட்டது. இலக்காக வைத்திருந்த 2030க்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே எட்டிய சாதனை அது. ஆனால் சூரியத் தகடு இரவில் உறங்கும், நிலக்கரி நிலையம் இரவிலும் ஓடும் என்பதால், அந்நாட்டின் மின் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அப்போதும் நிலக்கரியுடையதாகவே இருந்தது. மெகாவாட்டும் யூனிட்டும் எங்கள் பதிவேட்டில் ஒருநாளும் ஒரே கட்டத்தில் எழுதப்பட்டதில்லை. செய்திக்குறிப்புகளில் மட்டும் ஏன் அவை ஒன்றாகின்றன?

ஆண்டுத் தொகை மறைக்கும் இன்னொன்று மாலைப்பொழுது. நண்பகலில் வெயில் மின்சாரம் தேவைக்கு மேல் குவிய, பொழுது சாய்ந்ததும் அது வடிந்து, விளக்கும் குளிர்சாதனமும் ஒருசேர ஏறும் அந்த மூன்று நான்கு மணி நேரத்தைச் சமாளிப்பதுதான் இன்று மின் வலையமைப்பை நடத்துகிறவர்களின் தலையாய வேலை. கலிபோர்னியாவின் மின் வலையமைப்பு நிர்வாகம் 2013இல் வரைந்த கோடு வாத்தின் உருவில் இருந்ததால் அதற்கு வாத்து வளைவு என்றே பெயர் நிலைத்துவிட்டது; அங்கே இப்போது அந்த மாலை ஏற்றத்தின் கணிசமான பகுதியைப் பேட்டரிகள் தாங்குகின்றன. ஆண்டு முழுவதும் கூட்டினால் தேவையும் தூய உற்பத்தியும் சமமாக வரும் நாட்டில்கூட, ஒவ்வொரு மாலையும் எரிவாயு எரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே ஆண்டுத் தொகையோடு, ஓராண்டின் 8,760 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் தூய மின்சாரம் தேவையை ஈடுசெய்தது என்ற எண்ணையும் தாருங்கள். மணிவாரியான பதிவுகள் மின் வலையமைப்பு மையங்களில் ஏற்கெனவே இருக்கின்றன; புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. காற்றாலை சுழலத் தயாராக இருந்தும் ஏற்க இடமில்லை என்று நிறுத்தச் சொன்ன யூனிட்டுகளையும் அதே பக்கத்தில் எழுதினால், மின்தடங்கள் எங்கே போதவில்லை என்பது தெரிந்துவிடும். இணைப்புக்காகக் காத்திருக்கும் புதுப்பிக்கத்தக்க திட்டங்கள் உலக அளவில் குறைந்தது 3,000 ஜிகாவாட் என்று சர்வதேச எரிசக்தி முகமை 2023இல் சொன்னபோது, தடை தகட்டிலோ காற்றாலையிலோ இல்லை, கம்பியிலும் கோபுரத்திலும் இருக்கிறது என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

பன்னாட்டு விமானங்களும் கப்பல்களும் நிரப்பிக்கொள்ளும் எரிபொருள் எந்த நாட்டின் நுகர்விலும் சேராமல் தனியே நிற்பதையும், பிளாஸ்டிக்குக்கும் உரத்துக்கும் மூலப்பொருளாகப் போகும் எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கப்பட்டவற்றோடு கலந்து வாசிக்கப்படுவதையும் விரிவாக எழுத இங்கே இடமில்லை. அவற்றை நீங்கள் ஏற்கெனவே தனித்தனி வரிகளில் பிரித்தே வைத்திருக்கிறீர்கள். முன்பக்கச் சுருக்கத்திலும் அந்தப் பிரிவினை இருந்தால் போதும்.

பயன் எரிசக்தியை மீட்டர் வைத்து அளக்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும், மதிப்பீட்டை அரசாங்கப் புள்ளிவிவரமாக எப்படி வெளியிடுவது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதை அறிவேன். நேர்மையான தயக்கம்தான். எந்தத் தொழிலில் எத்தனை மோட்டார், எத்தனை பாய்லர், எந்த வீட்டில் எந்த அடுப்பு, எவ்வளவு பழைய வண்டி என்று கள ஆய்வு நடத்தி, ஒவ்வொன்றின் திறனையும் மாதிரி எடுத்துச் சோதித்து, பிழை வரம்பையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைத் தர முடியும். ஆனால் விறகின் எடையை எவரும் மீட்டரில் அளக்கவில்லை. அதையும் இல்லங்களில் ஆய்வு நடத்தித்தான் மதிப்பிடுகிறீர்கள். அணுவுலைக்கு எழுதும் மூன்று மடங்கும் புவிவெப்பத்துக்கு எழுதும் பத்து மடங்கும் அளந்து எழுதியவை அல்ல, வசதிக்காக வைத்துக்கொண்டவை. அவற்றை ஏற்ற கணக்கேடு இதையும் ஏற்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில், 2030க்குள் புதுப்பிக்கத்தக்க நிறுவுதிறனை உலக அளவில் மூன்று மடங்காக்குவது என்றும், எரிசக்தித் திறன் ஆண்டுதோறும் மேம்படும் வேகத்தை இரண்டு மடங்காக்குவது என்றும் நாடுகள் உறுதி கூறின. முதல் உறுதி நாளிதழ்களில் இடம்பிடித்தது, இரண்டாவதைப் பற்றிப் பேசுவாரில்லை. அந்த இரண்டாவது உறுதியை அளப்பதோ, முதன்மை எரிசக்தியைப் பொருளாதார உற்பத்தியால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு. அணுவுலையை மூடினாலும் அது மேம்படும், ஆலைகள் வேறு நாட்டுக்கு இடம்பெயர்ந்தாலும் மேம்படும், வீடுகள் வெப்பம் கசியாதபடி காப்பிடப்பட்டுப் பழைய மோட்டார்கள் மாற்றப்பட்டாலும் மேம்படும். இவற்றுள் எது நடந்தது என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது. இரண்டு மடங்கு என்று உலகின் முன் கையொப்பமிட்ட உறுதியைச் சோதிக்கவாவது உங்களுக்கு இந்தப் புதிய வரி வேண்டும்.

எல்லா ஆண்டுகளுக்கும் எல்லாத் துறைகளுக்கும் ஒரே நேரத்தில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கடந்த ஓராண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மின் நிலையங்கள், சாலைப் போக்குவரத்து, வீட்டுச் சமையல் ஆகிய மூன்றோடு தொடங்குங்கள், ஏனெனில் வீணாவதில் பெரும்பகுதி அந்த மூன்றில்தான் இருக்கிறது, தரவும் அவற்றுக்குத்தான் ஓரளவு ஆயத்தமாகக் கிடைக்கிறது. எரித்தது ஒரு கட்டத்திலும், வந்து சேர்ந்தது அடுத்த கட்டத்திலும், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்றாவது கட்டத்திலுமாக ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் பின்னிணைப்பில் ஒதுங்கிவிடாமல் அறிக்கையின் முன்பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த ஆய்வுக்கு ஆள் வேண்டுமென்றால், பாய்லரோடும் டர்பைனோடும் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்ற என்னைப் போன்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். எந்த எண்ணை நம்பலாம், எந்த எண் மேலதிகாரிக்காக எழுதப்பட்டது என்று பதிவேட்டைப் பார்த்தே எங்களால் சொல்ல முடியும். அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் அறிக்கையை ஆண்டுதோறும் எதிர்பார்த்திருக்கும்
ஓய்வுபெற்ற அனல்மின் நிலையப் பொறியாளர் ஒருவர்